எயின்ட்ரீயின் முப்பது வேலிகள்



1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள், சனிக்கிழமை. அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த மாணவன். எங்கள் விடுதிக் காப்பாளரிடம் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. ஆங்கில உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகவேண்டும் என்பதற்காக, மாலை வேளைகளில் சிற்றலையில் பி.பி.சி. ஒலிபரப்பைக் கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. அன்றிரவு எட்டு மணியளவில் செய்தியை எதிர்பார்த்துச் சென்று அமர்ந்தோம். செய்தி வரவில்லை. கடல் இரைவது போன்ற மக்கள் கூச்சலும், அதனூடே மூச்சு விடாமல் பேசும் ஒரு குரலும் வந்தன. குதிரைகளின் பெயர்கள், வேலிகளின் பெயர்கள், 'விழுந்தது', 'எழுந்தது' என்னும் சொற்கள் மட்டுமே எங்களுக்குப் பிடிபட்டன. ஒலி தேய்வதும் வளர்வதுமாய்ப் பத்து நிமிடம் கழிந்தது. எதைக் கேட்கிறோம் என்று அறியாமலே நாங்கள் பெட்டியை நெருங்கி அமர்ந்திருந்தோம்.

அன்று நாங்கள் கேட்டது இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரை அடுத்த எயின்ட்ரீ மைதானத்தில் நடைபெறும் 'கிராண்ட் நேஷனல்' என்னும் குதிரைப் பந்தயம். அந்த மைதானத்தின் வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பந்தயப் பணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

சென்னைக் கிண்டியில் நம்மவர் பார்த்துப் பழகியவை சமதளப் பந்தயங்கள். வழுவழுப்பான புல்தரையில் குதிரைகள் இரண்டு மூன்று நிமிடம் விரைந்தோடி முடித்துவிடும். எயின்ட்ரீயில் நடப்பதோ தடைதாண்டும் பந்தயம். இதனை ஆங்கிலத்தில் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்பர். 'ஸ்டீப்பிள்' என்பது மாதாகோயிலின் ஊசிக் கோபுரம். கோபுரத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். 1752-ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் எட்மண்ட் பிளேக், கொர்னீலியஸ் ஓ'கலகன் என்னும் இருவர் தத்தம் குதிரைகளைப் பற்றிப் பந்தயம் கட்டினர். பட்டிவண்ட் என்னும் ஊரின் மாதாகோயிலிலிருந்து டோனரைல் என்னும் ஊரின் மாதாகோயில் வரை ஏறத்தாழ நாலரை மைல் ஓடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் பாதை கிடையாது. எதிரே தெரியும் கோபுரமே குறி. இடையில் வரும் வேலி, வாய்க்கால், கற்சுவர் யாவற்றையும் தாண்டிச் செல்ல வேண்டும். கோபுரத்தை நோக்கி ஓடிய ஓட்டமாதலின் இப்பெயர் நிலைத்தது.

இனி எயின்ட்ரீக்கு வருவோம். லிவர்ப்பூலில் உணவு விடுதி நடத்திவந்த வில்லியம் லின் என்பவர், செஃப்டன் பிரபுவிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 1829-இல் இங்கே பந்தய மைதானம் அமைத்தார். முதலில் நடந்தவை சமதளப் பந்தயங்களே. 1836-இல் பெரிய தடைதாண்டும் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினார். தொடக்க ஆண்டுகளின் ஓட்டங்கள் எயின்ட்ரீயில் நடந்தனவா, அருகிலுள்ள மெகல் என்னும் ஊரில் நடந்தனவா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆகவே 1839-ஆம் ஆண்டுப் பந்தயத்தையே முதற் கிராண்ட் நேஷனல் என்று கணக்கிடுவது பெருவழக்கு. இந்த ஆண்டைக் கருதும்போது நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1838-க்குள் லண்டனும் லிவர்ப்பூலும் இருப்புப்பாதையால் இணைந்துவிட்டன. ஓர் ஊரின் கேளிக்கையாக இருந்தது நாட்டின் திருவிழாவாக மாறியதற்குக் குதிரையைவிட இரயிலே முதற் காரணம் எனலாம்.

1839 பிப்ரவரி 26-ஆம் நாள் 17 குதிரைகள் ஓடின. உழுத வயலும், கற்சுவரும், நீரோடைகளும் குறுக்கிட்டன. 'லாட்டரி' என்னும் குதிரை ஜெம் மேசன் என்பவரைச் சுமந்து 14 நிமிடம் 53 வினாடியில் வென்றது. ஆனால் வென்றவரினும் விழுந்தவர் ஒருவர் பெயரே இன்றும் எல்லார் நாவிலும் நிற்கிறது. படைத்தலைவர் மார்ட்டின் பீச்சர் என்பவர் தம் குதிரை 'கான்ராட்' தடுமாறியதால் ஓடையில் தலைகீழாய் வீழ்ந்தார். பின்னே வரும் குதிரைகள் தம்மேல் பாயாதிருக்க நீரிலேயே பதுங்கிக் கிடந்தார். அன்று முதல் அவ்விடம் 'பீச்சர் ஓடை' ஆயிற்று. மறு ஆண்டு 'வாலன்டைன்' என்னும் குதிரை விந்தையான முறையில் உடலைத் திருப்பித் தாண்டிய மற்றோர் ஓடைக்கு அக்குதிரையின் பெயரே வாய்த்தது. அதே 1839-இல் 'டிக்டேட்டர்' என்னும் குதிரை ஒருமுறை விழுந்து, மீண்டும் ஏறி ஓட்டப்பட்டு, மறுபடி விழுந்து இறந்தது. அப்பெயர் எந்த வேலிக்கும் இடப்படவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

மைதானத்தின் அமைப்பைச் சற்றே காண்போம். வேலிகள் மொத்தம் 16. குதிரைகள் இருமுறை சுற்றி வருகின்றன. முதற் சுற்றில் பதினாறும், இரண்டாம் சுற்றில் பதினான்கும் ஆக முப்பது தாண்டல்கள். தூரம் நாலே கால் மைலுக்குச் சற்று மேல். வேலிகள் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பசுங்கிளைகளால் போர்த்தப்பட்டவை. பீச்சர் ஓடையில் தாவும் பக்கத்தினும் இறங்கும் பக்கம் தாழ்ந்திருக்கும். தரை இருக்கும் என்று எண்ணிக் கால் நீட்டும் குதிரைக்குத் தரை கிட்டாது. 'நாற்காலி' எனப்படும் வேலியோ ஐந்தடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. முன்னே அகன்ற பள்ளம். அதில் இறங்கும் பக்கம் உயர்ந்திருக்கும். லீட்ஸ்–லிவர்ப்பூல் கால்வாயை ஒட்டிய 'கால்வாய் வளைவு' வேலியைத் தாண்டிய மாத்திரத்தில் செங்கோணமாய்த் திரும்ப வேண்டும். இவையனைத்தையும் கடந்தபின் வெற்றிக் கம்பம் வரை ஏறத்தாழ 500 கெஜம் வெறுந்தரை உண்டு. முப்பது வேலிகளில் தோலாத குதிரைகள் பல இவ்வெறுந்தரையில் தோற்றிருக்கின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1843 முதல் இப்பந்தயம் பளு ஈட்டு முறையில் நடைபெறுகிறது. சிறந்த குதிரை எது என்று முன்னைய ஓட்டங்களைக் கொண்டு கணித்து, அதன் முதுகில் மிகுதியான எடையையும், எளிய குதிரைக்குக் குறைந்த எடையையும் ஏற்றுவார்கள். வல்லவனுக்குச் சுமை அதிகம். ஆகையால் யார் வெல்வார் என்று எவரும் துணிந்து கூற இயலாது. 1928-இல் 42 குதிரைகள் புறப்பட்டன, முடித்தவை இரண்டே. ஒன்றுக்கு நூறு என்று பந்தயக்காரர் மதித்த 'டிப்பரேரி டிம்' வென்றது. அடுத்ததாக வந்த 'பில்லி பார்ட்டன்' கடைசி வேலியில் விழுந்து, மீண்டும் ஏறி ஓட்டப்பட்டது. மறு ஆண்டு 66 குதிரைகள் ஓடின. அத்தனை குதிரைகள் ஒரு கிராண்ட் நேஷனலில் ஓடியது அந்த ஒருமுறைதான்.

கிராண்ட் நேஷனலே இம்மைதானத்தின் மணிமுடி என்றாலும் வேறு பந்தயங்களும் உண்டு. இளவேனிற்காலத்தில் மூன்று நாள் விழா நடைபெறும். தொழில்முறையல்லாத சவாரியாளர்களுக்கு உரிய 'ஃபாக்ஸ்ஹண்டர்ஸ்', அதே பெரிய வேலிகள்மேல் குறைந்த தூரம் ஓடும் 'டோபம்' ஆகியவை அதில் அடங்கும். 'மெல்லிங்', 'எயின்ட்ரீ ஹர்டில்' முதலியன உட்புறத்து எளிய தடங்களில் நடைபெறுவன. பீச்சர் பெயரால் குளிர்காலத்தில் ஒரு பந்தயம் உண்டு. 1954-இல் மைதானத்தைச் சுற்றி மோட்டார் பந்தயப் பாதையும் அமைத்தார்கள். 1955-இல் ஸ்டிர்லிங் மாஸ் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை வென்றது அப்பாதையிலேதான்.

வானொலிக்கும் எயின்ட்ரீக்கும் பழைய உறவு உண்டு. 1927-இலேயே பி.பி.சி. இப்பந்தயத்தை நேர்முகமாக ஒலிபரப்பிற்று. தொலைக்காட்சி வந்தது 1960-இல். கண்ணால் காணாது காதால் மட்டுமே கேட்டவர்கள் இப்பந்தயத்துக்குப் பலர் உண்டு. அவருள் நானும் ஒருவன்.

இந்த மண்ணில் நிகழ்ந்தவற்றுள் மூன்றினை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது 1956-ஆம் ஆண்டு. அரசி எலிசபெத்தின் தாயாருக்குச் சொந்தமான 'டெவன் லாக்' முப்பது வேலிகளையும் பழுதறத் தாண்டி முன்னணியில் வந்தது. வெற்றிக் கம்பத்துக்கு இன்னும் ஐம்பது கெஜமே. எதிரில் தடை ஏதுமில்லை. திடீரென்று அக்குதிரை தாவுவதுபோல் எழும்பி, கால் பரப்பி வயிற்றின்மேல் வீழ்ந்தது. பின்னே வந்த 'ஈ.எஸ்.பி.' கடந்து சென்று வென்றது. காரணம் இன்றளவும் விளங்கவில்லை. அதை ஓட்டிய டிக் பிரான்சிஸ் மறு ஆண்டு சவாரித் தொழிலை விட்டுப் பேனாவை எடுத்தார். புகழ்பெற்ற துப்பறியும் நாவலாசிரியரானார். கையருகே வந்தது நழுவியபின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவரினும் நல்ல சான்று எனக்குக் கிட்டவில்லை.

இரண்டாவது 1967. இருபத்துமூன்றாம் வேலியில், சவாரியாளரை இழந்து தனியே ஓடிய குதிரை ஒன்று குறுக்கே திரும்பிவிட்டது. முன்னணிக் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. மிகவும் பின்தங்கி வந்துகொண்டிருந்த 'ஃபாய்னவன்' மட்டும், ஓட்டிய ஜான் பக்கிங்ஹாம் இடைவெளி ஒன்றைக் கண்டு செலுத்தியதால், குழப்பத்தை விலக்கித் தாண்டிற்று, வென்றும் விட்டது. அதன் உரிமையாளர் அன்று மைதானத்துக்கே வரவில்லை. அவ்வேலி மைதானத்தின் வேலிகளிலெல்லாம் உயரம் குறைந்தவற்றுள் ஒன்று. இன்று அதற்கு ஃபாய்னவன் என்றே பெயர்.

மூன்றாவது 'ரெட் ரம்'. சவுத்போர்ட் என்னும் கடற்கரையூரில் மோட்டார் கார் விற்பனை செய்துவந்த ஜிஞ்சர் மெக்கெயின் என்பவர், தம் கடைக்குப் பின்னிருந்த லாயத்தில் இக்குதிரையை வளர்த்து, கடல் மணலில் பழக்கினார். 1973-இல் 'கிரிஸ்ப்' என்னும் ஆஸ்திரேலியக் குதிரை, ரெட் ரம்மினும் 23 ராத்தல் மிகுந்த சுமையோடு நெடுந்தூரம் முந்திச் சென்றது. கடைசி வெறுந்தரையில் அதன் கால் தள்ளாடிற்று. ரெட் ரம் முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. முந்தைய காலக்கணக்கு ஏறத்தாழ 19 வினாடி குறைந்தது. 1974-இலும் ரெட் ரம்மே வென்றது. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் இரண்டாவதாக வந்து, 1977-இல் மூன்றாம் வெற்றி கண்டது. மும்முறை வென்ற குதிரை வேறில்லை. 1995-இல் முப்பது வயதில் இறந்த அதனை வெற்றிக் கம்பத்தருகே அடக்கம் செய்தனர். ஆனால் ஆசிரியன் என்ற முறையில், 1973-இன் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் முதலில் கிரிஸ்பின் பெயரையே சொல்லிவந்தேன். மிகுந்த சுமையோடு தோற்றதைத் தோல்வி என்று எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ரெட் ரம் வென்றுவந்த அந்நாட்களில் மைதானமே விலைக்கு நின்றது என்பது பலர் அறியாதது. டோபம் குடும்பத்தார் 1949-இல் செஃப்டன் பிரபுவிடமிருந்து நிலத்தை வாங்கியிருந்தனர். 1964-இல் திருமதி மிராபெல் டோபம், வீடு கட்டும் நிறுவனத்துக்கு அதனை விற்கப்போவதாக அறிவித்தார். செஃப்டன் பிரபு வழக்குத் தொடுத்தார். 1966-இல் பிரபுக்கள் சபை டோபம் தரப்புக்கே தீர்ப்பளித்தது. அதன்பின் ஆண்டுதோறும் 'இதுவே கடைசி நேஷனல்' என்ற பேச்சு எழுந்தது. 1973-இல் நிலம் ஒரு கட்டடத் தொழிலதிபர் கைக்கு மாறியது. அவர் கட்டணத்தை உயர்த்தவே கூட்டம் குறைந்தது. இறுதியில் பொதுமக்கள் நன்கொடையும் ஒரு வணிக நிறுவனத்தின் உதவியும் சேர்ந்து, 1983-இல் ஜாக்கி கிளப்பின் சார்பில் மைதானம் மீட்கப்பட்டது. நூற்றைம்பதாண்டு மரபு ஒன்று உயிர் பிழைத்தது.

இப்பொழுது 1981-ஆம் ஆண்டின் இரவுக்குத் திரும்புவோம். அன்று வென்ற குதிரை 'ஆல்டனிட்டி'. ஓட்டியவர் பாப் சாம்பியன். 1979-இல் அவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டனர். கடுமையான மருந்துகளால் முடி உதிர்ந்து உடல் இளைத்த நாட்களில், இந்தக் குதிரையில் எயின்ட்ரீயில் ஓடவேண்டும் என்ற ஒரே நினைவை அவர் பற்றிக்கொண்டிருந்தார். குதிரையோ காலின் தசைநாண் பலமுறை பழுதுற்று, இனி ஓடாது என்று கருதப்பட்டது. முதல் வேலியிலேயே அது முன்னே சாய்ந்து விழவிருந்தது, எப்படியோ நிமிர்ந்துகொண்டது. அடுத்து வந்த 'ஸ்பார்ட்டன் மிசைல்' குதிரையை ஓட்டியவர் 54 வயதான ஜான் தார்ன். இவற்றையெல்லாம் அன்றிரவு எங்கள் காப்பாளர்தாம் கேட்டுக் கேட்டு விளக்கினார். விளக்கி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவர் மனைவியார் அந்த நோயால்தான் காலமானார் என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

அந்தக் கதையை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்புகளில் சொல்லிவந்தேன். விடாமுயற்சிக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை என்பது என் எண்ணம். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஆசிரியர் வராத ஒரு பாடவேளையில் எட்டாம் வகுப்புக்குச் சென்று வழக்கம்போல் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டனர். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான். அவன் தந்தை வண்டிமாடு வைத்துப் பிழைப்பவர். பள்ளிக்கு வருமுன் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வருபவன் அவன். "ஐயா, அவரு தானா ஒத்துக்கிட்டு ஓட்டுனாரு. கால் நொந்த குதிரைய யாருங்கய்யா கேட்டாங்க?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான், "குறுக்கே பேசாதே, உட்கார்" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அப்பிள்ளை அதன்பின் என் வகுப்பில் எழுந்து எந்தக் கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் ஆசிரியப் பணியில் நான் வருந்தும் செயல்கள் சில உண்டு. அவற்றுள் இது தலையாயது.

அக்கேள்வி என்னை விடவில்லை. ஓய்வுபெற்றபின் எயின்ட்ரீயின் வரலாற்றை மீண்டும் படித்தேன். அப்பொழுதுதான் ஒன்று புலனாயிற்று. அந்தச் சிறுவன் கேட்டதை 1839-இல் 'டிக்டேட்டர்' மாண்டபோதே இங்கிலாந்திலும் சிலர் கேட்டிருக்கின்றனர். அவர்களையும் உட்காரத்தான் சொன்னார்கள். ஆயினும் கேட்போர் ஓயவில்லை. 1989-இல் பீச்சர் ஓடையில் இரு குதிரைகள் இறந்தபின் ஓடையின் பெரும்பகுதி தூர்க்கப்பட்டது. இறங்குதரையின் சரிவும் குறைக்கப்பட்டது. 2012-இல் மீண்டும் இரு குதிரைகள் மாண்டன. மறு ஆண்டு, வேலிகளுக்குள்ளிருந்த கட்டை மரச்சட்டங்களை நீக்கி, வளைந்துகொடுக்கும் பொருளால் அமைத்தனர். 2023-இல் விலங்குநலக் கிளர்ச்சியாளர் மைதானத்தில் புகுந்ததால் பந்தயம் தாமதமாயிற்று. அன்றும் முதல் வேலியில் ஒரு குதிரை இறந்தது. 2024 முதல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை 40-இலிருந்து 34 ஆயிற்று. முதல் வேலிக்குக் குதிரைகள் மிகுந்த வேகத்தோடு வந்து சேராதிருக்க, அதனைப் புறப்படும் இடத்துக்கு 60 கெஜம் நெருக்கி வைத்தனர். ஒவ்வொரு திருத்தமும் ஒரு சாவுக்குப் பின்னரே வந்திருக்கிறது. ஆனால் வந்திருக்கிறது.

மற்றொரு வேலியும் இங்கே தாண்டப்பட்டது. பெண்கள் இப்பந்தயத்தில் குதிரையோட்ட நெடுங்காலம் இடமில்லை. 1977-இல் சார்லட் புரூ முதன்முதலாக ஓட்டினார். 1982-இல் ஜெரால்டின் ரீஸ் முதன்முதலாக ஓட்டத்தை முடித்தார். அன்று முடித்தவருள் அவரே கடைசி. 2021-இல் அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் 'மினெல்லா டைம்ஸ்' குதிரையில் வென்றார். கொள்ளைநோய்க் காலமாதலின் ஆர்ப்பரிக்க அங்கே கூட்டம் இல்லை. நூற்றெண்பது ஆண்டு காத்திருந்த வெற்றி வெறுமையான இருக்கைகளின் முன் நிகழ்ந்தது.

நேயர்களே, இப்பந்தயத்தை நிறுத்தவேண்டும் என்போரும் உளர். காக்கவேண்டும் என்போரும் உளர். தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஆல்டனிட்டியின் கதை இன்றும் என் நெஞ்சை உருக்குகிறது. அதனை மறுக்க மாட்டேன். ஆனால் அதனைச் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டேன். இப்பொழுது என் பேரக்குழந்தைகளுக்குக் கதையைச் சொல்லி முடித்ததும், அந்தச் சிறுவனின் கேள்வியையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அவன் இந்தப் பேச்சை எங்கேனும் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று தரத் தவறிய விடையை இன்று தருகிறேன். தம்பி, அந்தக் குதிரையை எவரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. கேட்க முடியாத ஓர் உயிரின் முதுகில் ஏறுபவனுக்குப் பொறுப்பு இரு மடங்கு. அதை மைதானத்தார் சிறிது சிறிதாகக் கற்றுவருகின்றனர். நானும் கற்றுக்கொண்டேன், உன்னிடமிருந்து. உன்னை உட்காரச் சொன்னது என் பிழை.